விசையும் விசாரணையும்

கருவிகள் பழுதுறுவது உலகியற்கை. உழவனின் கலப்பையும் பழுதுறும். மீனவனின் தோணியும் பழுதுறும். மருதமுனைத் தறியில் இழையொன்று அறுந்தால் நெய்பவர் தறியை முற்றத்தில் எறிந்துவிடுவதில்லை. அறுந்த இழையைத் தேடி முடிந்துவிட்டு மேலே நெய்கின்றார். பழுது எவ்விடத்தது என்று வினவாமலே கருவி முழுவதையும் கைவிடும் வழக்கம், கணினியோடு கூடவே நம்மிடை வந்து குடிபுகுந்தது போலும்.

கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள நமது கரையோர ஊர்களிற் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இக்காட்சி புதிதாயிராது. கணினிக் கூடம் திறக்கப்படுகின்றது. மாணவர் வரிசையாக அமர்கின்றனர். பொத்தானை அழுத்தியதும் திரை ஒளிர்கின்றது. விசைப்பலகையோ வாய் திறப்பதில்லை. இரண்டொரு முறை அழுத்திப் பார்க்கின்றனர். கம்பியை ஆட்டிப் பார்க்கின்றனர். பின்னர் ‘பழுது’ என்று எழுதிய தாளொன்று திரையின் நெற்றியில் ஒட்டப்படுகின்றது. ஒட்டிய தாளை ஒரு தவணை முடியும்வரை உரிப்பாரில்லை. ஒரு கணினிக்கு இருவர் என்றிருந்த வகுப்பில் இப்பொழுது நால்வர். அந்நால்வருள் விசையைத் தொடுபவன் ஒருவன். எட்டிப் பார்ப்போர் மூவர். எல்லோருக்கும் பின்னால் நிற்பது பெரும்பாலும் வீட்டிற் கணினியில்லாத பிள்ளை.

இது காசுக் குறைவால் நேரும் துன்பம் என்று சொல்லி அமைவோரோடு நாம் உடன்படவில்லை. காசுக் குறைவு உண்டு. ஆயினும் அதனினும் பெரிய குறை, பழுதை ஆராயும் பயிற்சி நமது கணினிக் கல்வியில் உரிய இடம் பெறாமையே. க.பொ.த. சாதாரண தரத்திலே தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் ஒரு பாடமாக உள்ளது. உள்ளீட்டுக் கருவிகள் யாவை என்று வினவினால் மாணவன் மடை திறந்தாற்போல் விடை சொல்வான். அவ்வுள்ளீட்டுக் கருவி காலையில் அசையாதிருந்தால் முதலில் எதனைப் பார்ப்பாய் என்று வினவினால், ஆசிரியரின் முகத்தைப் பார்ப்பான். ஆசிரியர் கூரையைப் பார்ப்பார். பழுதை நாடும் முறையைத் தமிழிற் கற்பிக்காத கணினிக் கல்வி பாதிக் கல்வியே என்பது எமது துணிபு.

முன்னாளில் இத்துன்பம் இவ்வடிவில் இருந்ததில்லை. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குழியிற் பிறந்த இரா. முத்தையா அமைத்த தமிழ்த் தட்டச்சுப் பொறியிலே, விரலுக்கும் தாளுக்கும் இடையே நின்றது நெம்புகோல். அது சிக்கினாற் கண்ணுக்குத் தெரியும், கைவிரலால் விடுவிக்கலாம். கணினியிலோ விரலுக்கும் எழுத்துக்கும் இடையே காவலர் பலர் நிற்கின்றனர். அவர்களுள் எவரும் கண்ணுக்குப் புலப்படார். எனவே இப்பழுதைக் கருத்தாற் காண வேண்டியுள்ளது.

அவ்வாறு காணும் முறை நமக்கு அந்நியமானதன்று. இங்கினியாகலையில் தேங்கிய கல்லோயா நீர் சம்மாந்துறை வயல்களை அடையுமுன் எத்தனையோ கதவுகளைக் கடந்து வருகின்றது. வயலுக்கு நீர் எட்டாத நாளில் நமது வட்டவிதானை குளம் வற்றியதென்று உடனே முடிவு கட்டுவதில்லை. வாய்க்கால் ஓரமாக மேல்நோக்கி நடக்கின்றார். எந்தக் கதவு வரையில் நீர் வந்துள்ளது, எந்தக் கதவுக்கு அப்பால் வரவில்லை என்று பார்க்கின்றார். அவ்விரண்டுக்கும் இடையிலேதான் அடைப்பு. விசைப்பலகைப் பழுதை அறிவதற்கும் இதனின் வேறான சாத்திரம் இல்லை. ‘எது கெட்டது?’ என்று கேட்பதற்கு முன்னர், ‘எதுவரை உயிரோடிருந்தது?’ என்று கேட்டல் வேண்டும்.

முதற்கதவு மின்னூட்டம். கணினியைத் தொடக்கிய கணத்திலே விசைப்பலகையின் மூலையிலுள்ள சிறு விளக்குகள் ஒருமுறை மின்னி மறைவதைக் கவனித்தோர் சிலரே. அவை அழகுக்காக மின்னுவன என்று எண்ணற்க. விசைப்பலகையினுள்ளும் ஒரு சிறு செயலி உண்டு. மின் கிடைத்தவுடன் அது தன்னைத்தான் சோதித்துக்கொள்கின்றது. அச்சோதனையின் அடையாளமே அம்மின்னல். அதனைக் கண்டால், பலகைக்கு மின் வந்துவிட்டது என்று துணியலாம். காணாவிடின் கம்பி, செருகி, துளை ஆகிய மூன்றையும் முதலிற் பார்த்தல் வேண்டும்.

செருகியிலும் இரு சாதி உண்டு. வட்டச் செருகி, ஐ.பி.எம். நிறுவனம் 1987 இல் வெளியிட்ட பி.எஸ்./2 கணினிகளோடு வந்தது. விசைப்பலகைக்குரிய துளை ஊதா நிறம், சுட்டிக்குரியது பச்சை நிறம். வடிவில் இரண்டும் ஒன்றே. ஆகவே அவசரத்தில் மாற்றிச் செருகுவது எளிது. கணினி தொடங்கிய பின்னர் வட்டச் செருகியை மாட்டினால், கணினி பெரும்பாலும் அதனைக் கண்டுகொள்வதில்லை. கணினியை நிறுத்திச் செருகியபின் மீளவும் தொடக்க வேண்டும். முதல் வரையறை 1996 இல் வெளியான யூ.எஸ்.பி. என்னும் தட்டைச் செருகிக்கு அத்தடை இல்லை. முன்புறத் துளையிற் பேசாத பலகை பின்புறத் துளையிற் பேசக்கூடும். இன்னும் ஒரு சோதனை உண்டு. அயற்கணினியின் விசைப்பலகையை இதில் மாட்டுக; இதனுடையதை அதில் மாட்டுக. குற்றம் பலகையோடு செல்கின்றதா, கணினியோடு தங்குகின்றதா என்பது இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும். இதற்குப் பட்டம் வேண்டியதில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் செய்யலாம்.

இரண்டாங்கதவு, பயோஸ் எனப்படும் தொடக்க நிரல். விண்டோஸ் விழித்தெழுவதற்கு முன்னரே, கணினியின் உறுப்புகளை ஒவ்வொன்றாக அழைத்துப் பெயர் பதியும் கணக்கர் இது. 1981 இல் வெளிவந்த ஐ.பி.எம். தனியாட் கணினி, விசைப்பலகையிற் குற்றங் கண்டால் 301 என்னும் எண்ணைத் திரையிற் காட்டும். விசையொன்று அழுந்தியபடி சிக்கியிருந்தால், அவ்விசைக்குரிய குறியீட்டையும் சேர்த்துக் காட்டும். பின்வந்த கணினிகளில் எண்ணுக்குத் துணையாக வாக்கியம் வந்தது. ‘விசைப்பலகை காணப்படவில்லை, தொடர்வதற்கு எஃப் 1 விசையை அழுத்துக’ என்னும் கருத்துடைய அவ்வாக்கியத்தைக் கண்டு உலகமெங்கும் நகைத்தனர். இல்லாத பலகையில் எந்த விசையை அழுத்துவது?

நகைப்பு அடங்கிய பின்னர் அவ்வாக்கியத்தின் பயனைச் சிந்தித்தல் நன்று. எக்குற்றம் கண்டாலும் நின்று, எஃப் 1 அழுத்தப்படும்வரை காத்திருக்க வேண்டும் என்னும் பொதுவிதியிலிருந்து பிறந்தது அது. விதி எழுதியவர் விசைப்பலகையே குற்றவாளியாகும் நிலையை எண்ணவில்லை, அவ்வளவே. நமக்கோ அது அரியதொரு சாட்சி. பழுது இரண்டாங்கதவுக்கு இப்பாலே உள்ளது, விண்டோஸ் மீது பழி போடற்க என்று அது கூறுகின்றது. விசையொன்று சிக்கியிருக்கலாம்; மாணவனின் அப்பியாசப் புத்தகமொன்று பலகைமேற் கிடந்து விசைகளை அழுத்திக்கொண்டிருக்கலாம். ஆங்கிலத்தில் வந்தது என்பதற்காக அச்சாட்சியை வாசியாமல் விடுவது, தபாற்காரன் தந்த கடிதத்தைப் பிரிக்காமலே செய்தி வரவில்லை என்று வருந்துவதை ஒக்கும்.

இக்கதவிற் செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. கணினி தொடங்கும்போதே டிலீட் அல்லது எஃப் 2 விசையை விட்டுவிட்டுத் தட்டுக. கணினிக்குக் கணினி இவ்விசை வேறுபடும். பயோஸின் அமைப்புப் பக்கம் திறந்தால் விசைப்பலகை, கம்பி, துளை ஆகிய மூன்றும் நலமே. பழுது அப்பால் உள்ளது. திறவாமல், விண்டோஸ் வந்தபின் மட்டும் பலகை உயிர்பெறுமாயின், பலகையைச் சந்தேகிக்க இடமில்லை. பயோஸின் அமைப்பையே ஐயுறல் வேண்டும். விரைவாகத் தொடங்கும்படி அமைத்த கணினிகள் சில, நேரத்தை மிச்சப்படுத்தும் பொருட்டு யூ.எஸ்.பி. கருவிகளைத் தொடக்கத்திற் கவனியாமலே கடந்துவிடும். வேறு சிலவற்றிலே பயோஸ் யூ.எஸ்.பி. விசைப்பலகையை ஏற்பதற்கான தெரிவே அணைக்கப்பட்டிருக்கும். பழைய வட்டச் செருகிப் பலகையொன்று கைவசம் இருந்து, கணினியில் அதற்கான துளையும் இருந்தால், அதனைக்கொண்டு உட்புகுந்து அத்தெரிவை மாற்றலாம்.

நேற்றுச் சரியாயிருந்த அமைப்பு இன்று எவ்வாறு மாறியது என்று கேட்பீர்கள். தாய்ப்பலகையிலே ஒரு நாணயத்தின் அளவில் சீ.ஆர். 2032 என்னும் 3 வோல்ற்று மின்கலம் ஒன்று உண்டு. மின் நிறுத்தப்பட்ட வேளையிலும் கணினியின் கடிகாரத்தை ஓடவிடுவது அது. பல கணினிகளில் நாம் செய்த அமைப்புகளை நினைவில் வைத்திருக்க உதவுவதும் அதுவே. அது தளர்ந்தால் அமைப்புகள் ஆலை விட்ட நாளின் நிலைக்குத் திரும்பிவிடும். காலைதோறும் கணினியின் திகதி பல ஆண்டுகள் பின்சென்று நிற்குமாயின், முழுக் கணினியையும் குப்பைக்கு அனுப்புமுன் அச்சிறு மின்கலத்தை மாற்றிப் பார்த்தல் முறையன்றோ?

மூன்றாங்கதவு பணிசெயல் முறைமை. பயோஸில் நன்கு பேசிய பலகை, விண்டோஸ் ஏறியதும் ஊமையாகும் நிலை இது. 2015 ஐ அடுத்து வந்த தாய்ப்பலகைகள் பலவற்றில் விண்டோஸ் 7 ஐ நிறுவ முயன்றோர் இவ்விந்தையைக் கண்டனர். அவற்றின் புதிய யூ.எஸ்.பி. துளைகளோடு பேசும் நிரல் அப்பழைய முறைமையில் இல்லை. பலகையிற் குற்றமில்லை, துளையிலும் குற்றமில்லை. இருவருக்கும் இடையே மொழிபெயர்ப்பாளன் இல்லை. 2012 இல் வந்த விண்டோஸ் 8 வேறொரு புதுமையைக் கொணர்ந்தது. ‘நிறுத்துக’ என்று நாம் ஆணையிட்டாலும், அம்முறைமை தன் உட்கருவின் நிலையைத் தட்டிலே எழுதி வைத்துக்கொண்டு உறங்குகின்றது. மறுநாள் அந்நிலையிலிருந்தே எழுகின்றது. நேற்றைய கோளாறும் கூடவே எழக்கூடும். ‘மீளத் தொடக்குக’ என்னும் ஆணையின்போது மட்டும் யாவும் புதிதாகத் தொடங்கும். நிறுத்தித் திறத்தலும் மீளத் தொடக்கலும் ஒன்றென்று எண்ணியிருந்த ஆசிரியர்கள் இவ்வேறுபாட்டை மாணவருக்கு எடுத்துக் கூறல் வேண்டும்.

இவ்விடத்தில் எளிய சாட்சி ஒன்று பயன்படும். கேப்ஸ் லொக் விசையை அழுத்தினால் விளக்கு எரிகின்றதன்றோ? விசைப்பலகை தானாக அதனை எரிப்பதில்லை. விசையழுத்தம் கணினிக்குச் சென்று, கணினி ஆணையிட்ட பின்னரே விளக்கு எரிகின்றது. எனவே அவ்விளக்கு எரிந்து அணையுமாயின், போக்கும் வரவும் ஆகிய இருவழியும் திறந்துள்ளன என்பது பொருள். இச்சோதனைக்குத் திரையும் வேண்டியதில்லை, செலவும் இல்லை.

நாலாங்கதவு கடவுச்சொற் பக்கம். தமிழில் எழுதும் நமக்கே உரிய வழுக்கல் ஒன்று இங்குண்டு. விசைகள் இயங்குகின்றன, புள்ளிகள் தோன்றுகின்றன, கடவுச்சொல்லோ ஏற்கப்படுவதில்லை. ‘விசைப்பலகை பிழையாக அடிக்கின்றது’ என்று முறைப்பாடு எழுகின்றது. உண்மை யாதெனின், முந்திய நாள் எவரோ தமிழ் ஒருங்குறி விசைப்பலகையைத் தெரிந்து வைத்திருக்க, அதுவே நுழைவுப் பக்கத்திலும் நின்றுவிட்டது. பாமினி எழுத்துருவில் எழுதிப் பழகியோருக்கு இது விளங்குவது அரிது. பாமினியில் விரல் அடிப்பது ஆங்கில எழுத்தையே. தமிழாகத் தோற்றுவது எழுத்துருவின் உடை. ஒருங்குறியிலோ உடை மாறுவதில்லை, எழுத்தே மாறுகின்றது. புள்ளிகளின் பின்னே மறைந்து நிற்பது அகரமா ஆங்கில எழுத்தா என்று கண்ணுக்குத் தெரியாது. திரையின் மூலையிலுள்ள மொழிக் குறியைப் பார்த்து, விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையை அழுத்தி மொழியை மாற்றினாற் போதும். தமிழைத் தெரிந்ததற்காகக் கணினி தண்டனை பெறுவது எவ்வளவு பரிதாபம்!

இனி நமது கரைக்கே உரிய காரணத்தையும் கூறல் வேண்டும். உப்புக் காற்று இரும்பை உண்பதை வளவுக் கதவின் கீல் அறியும். விசைப்பலகையினுள்ளே மூன்று மெல்லிய பிளாஸ்ரிக் தாள்கள் உள்ளன. அவற்றின்மேல் மின் கடத்தும் மையினால் வரிகள் இழுக்கப்பட்டுள்ளன. உப்பும் ஈரமும் சேர்ந்து அவ்வரிகளை அரிக்கின்றன. விசைகள் நிரலும் நிரையுமாகப் பின்னப்பட்டிருத்தலின், ஒரு வரி அறுந்தாற் பல விசைகள் ஒருங்கே மாளும். ஒரே ஒரு விசை மட்டும் இயங்காவிடின் அவ்விடத்து அழுக்கைத் துடைத்தாற் போதும். பல விசைகள் ஒன்றாக வீழ்ந்தால் வரி அறுந்ததென்று துணியலாம். அத்தகைய பலகையைத் தயங்காது மாற்றிவிடுக. அதனைத் திருத்தப் புகுவது வீண் உழைப்பு. வேலை முடிந்தபின் ஒரு துணியால் மூடிவைத்தலும், கூடத்தைப் பல நாள் பூட்டிவையாது காற்றாடத் திறத்தலும் ஆயுளை நீட்டும்.

‘விசைப்பலகையின் விலை அற்பம், பழுதானால் புதியது வாங்குவதை விட்டு இத்துணை ஆராய்ச்சி எதற்கு?’ என்று கேட்போர் உளர். வாதம் பொருந்துவது போலத் தோன்றும். ஆனால் மேலே கண்ட நாலு கதவுகளுள் புதிய பலகை வாங்குவதால் தீரும் பழுது எத்தனை? மின்கலம் தளர்ந்திருந்தால் புதிய பலகையும் ஊமையே. மொழி மாறியிருந்தால் புதிய பலகையும் அதே பிழையையே செய்யும். காரணம் அறியாமல் வாங்கிய பொருள், மருத்துவரைக் காணாமல் விழுங்கிய மருந்து. மேலும், பாடசாலை ஒரு பொருளை வாங்குவது கடைத்தெருவிற் கத்தரிக்காய் வாங்குவது போன்றதன்று. கடிதம் எழுதி, அனுமதி பெற்று, பொருள் வந்துசேரும் வரை அக்கணினியின் முன் எவரும் அமர்வதில்லை. அந்நாட்களைப் பின்னால் நிற்கும் அப்பிள்ளைக்கு யார் திருப்பிக் கொடுப்பார்?

ஆகையாற் செய்யத்தக்கவை சில. ஒவ்வொரு கணினிக் கூடத்திலும் பழுதுப் பதிவேடு ஒன்று தமிழில் இருத்தல் வேண்டும். ‘கணினி பழுது’ என்னும் இரு சொற்களை அதில் எவரும் எழுதலாகாது. எந்தக் கதவு வரை உயிரோடிருந்தது, என்ன சோதனை செய்யப்பட்டது, என்ன விளைந்தது என்னும் மூன்றையும் மாணவரே எழுதட்டும். இரண்டாவதாக, மாண்ட விசைப்பலகை ஒன்றையேனும் எறியாது வைத்துப் பிரித்துக் காட்டுக. ஒருமுறை உள்ளே பார்த்த பிள்ளை அதன்பின் அஞ்சாது. மூன்றாவதாக, அட்டாளைச்சேனைத் தேசிய கல்வியியற் கல்லூரியிற் பயிலும் ஆசிரியருக்கு இம்முறை செயல்முறைப் பயிற்சியாக அமைதல் வேண்டும். 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி மறு ஆண்டே பல்கலைக்கழகமாக உயர்ந்த ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மாணவரும், தவணைக்கு ஒருநாள் அயற்பாடசாலைக் கூடங்களுக்கு வந்து உதவலாம்.

இலக்கிய வட்டத்தாருக்கு இதில் என்ன வேலை என்று எவரும் ஒதுங்கவேண்டாம். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளார் யாழ் நூலை ஆக்கிய அதே கையினால் விஞ்ஞானக் கலைச்சொற்களை ஆக்கும் பணியிலும் ஈடுபட்டார். தமிழாய்வும் விஞ்ஞானமும் ஒரு மனத்தில் ஒருங்கே வாழலாம் என்பதற்கு நமது கரையே சான்று. திரையில் தோன்றும் ஆங்கில எச்சரிக்கைகள் இருபதையோ முப்பதையோ தெளிந்த தமிழில் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் ‘இதன் பொருள் இது, முதலிற் பார்க்கவேண்டியது இது’ என்று இரண்டு வரி சேர்த்துச் சுவரில் ஒட்டுவது ஒரு வாரத்து வேலை. சொல் அறிந்தவர் எழுதினால் அச்சுவர் வாசிக்கப்படும்.

‘தொடாதே, பழுதாகிவிடும்’ என்பதே கணினியைப் பற்றி நமது பிள்ளைகள் முதலிற் கேட்கும் வாக்கியம். அதன் இடத்திலே ‘தொட்டுப் பார், எதுவரை உயிரோடிருக்கிறது என்று சொல்’ என்னும் வாக்கியம் வருதல் வேண்டும். காரணத்தைத் தேடி ஒவ்வொரு கதவாக நடக்கப் பழகிய பிள்ளை, நாளை விசைப்பலகையோடு மட்டும் நில்லாது. ஊர்க் குறையையும் அரசின் குறையையும் அவ்வாறே வினவும். கூடத்தின் திறப்பு அதிபரின் மேசையில் இருக்கலாம். விசாரணையின் திறப்பு அப்பிள்ளையின் கையில் இருக்கட்டும்.